மஞ்சள் காமாலைக் கிருமிக்கு நம் ஈரல்தான் தொழிற்சாலை!

போன தை மாதம் ஒரு பள்ளி ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். வயது 46. ஊரில் நடந்த ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறார். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, "உங்கள் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"டாக்டர், எனக்குக் காமாலை வந்ததே இல்லை. பாருங்க, கண்ணு வெள்ளைவெளேர்னு இருக்கு. நல்லா சாப்பிடறேன், தூங்கறேன். நாலு நாள் கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடிச்சா போயிடும் இல்லையா?"

சித்த வைத்தியனான என்னிடம் இதைக் கேட்டதில் தப்பே இல்லை. "போயிடும், கவலைப்படாதீங்க" என்று நான் சொல்லியிருந்தால் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் சொல்ல மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமானால், இந்த வைரஸ் நம் ஈரலுக்குள் போய் என்னதான் செய்கிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பத்தாவது படித்த பிள்ளைக்குப் புரியும் விஷயம்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காமாலை என்பது ஓர் அறிகுறி. பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் ரத்தத்தில் தேங்குவதால் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகின்றன. அப்படித் தேங்குவதற்குப் பித்தப்பைக் கல் காரணமாக இருக்கலாம். மது, சில மாத்திரைகள், வைரஸ் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். வைரஸ்களிலும் ஏ, ஈ என்ற இரண்டு வகைகள் அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வருபவை. பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும் (கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஈ வகை மிக ஆபத்து). பி, சி வகைகள் ரத்தத்தின் வழியே வருபவை. ஈரலில் நிரந்தரமாகக் குடியேறிவிடக் கூடியவை. ஆசிரியருக்கு இருப்பது பி.

வைரஸ் எவ்வளவு ஏழை தெரியுமா?

ஹெபடைட்டிஸ் பி வைரஸின் குறுக்களவு 42 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 24,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம்! அதன் டி.என்.ஏ. மொத்தமே ஏறக்குறைய 3,200 எழுத்துக்கள்தான். மனிதனுடைய டி.என்.ஏ.வில் 300 கோடி எழுத்துக்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எழுத்துக்களை நீங்கள் எண்ணிப் பார்த்தால்கூட 3,200ஐத் தாண்டிவிடும். அவ்வளவு சின்னக் குறிப்பை வைத்துக்கொண்டு நாலு ஜீன்கள், ஏழு புரதங்கள். அதன் சொத்து அவ்வளவே.

டைபாய்டு, காசநோய் போன்றவற்றை உண்டாக்கும் பாக்டீரியா இப்படியல்ல. அதற்குச் சொந்த வீடு உண்டு, சொந்த அடுப்பு உண்டு. தன் புரதத்தைத் தானே சமைத்துக்கொள்ளும். அதன் சுவரையோ அடுப்பையோ உடைப்பதுதான் ஆன்டிபயாடிக் மருந்தின் வேலை. வைரஸுக்கு அடுப்பே கிடையாது; நம் செல்லின் சமையலறைக்குள் புகுந்து நம் பாத்திரத்தில் சமைத்துக்கொள்கிறது. அப்புறம் ஆன்டிபயாடிக் எதை உடைக்கும்? சாதாரண ஜலதோஷத்துக்குக்கூட, "ஒரு ஸ்ட்ராங்கான மாத்திரை எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று அடம்பிடிக்கும் தாய்மார்கள் இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வைரஸ்தான்.

வாசல் எது?

சாப்பாட்டிலுள்ள கொழுப்பைச் செரிக்க ஈரல் பித்த நீரைச் சுரக்கிறது. அதிலுள்ள பித்த உப்புகளை உடம்பு வீணாக்குவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சி, ரத்தம் மூலம் மறுபடியும் ஈரலுக்கே அனுப்பிவிடுகிறது. அப்படித் திரும்பி வரும் உப்பைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ள ஈரல் செல்லின் மேல் ஒரு புரதம் கதவு மாதிரி நிற்கிறது. என்.டி.சி.பி. என்று பெயர். பித்த உப்புக்காக இயற்கை வைத்த கதவு அது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தன் மேலுறையின் ஒரு முனையால் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறது. இந்தக் கதவு ஈரல் செல்லில்தான் இருக்கிறது என்பதால்தான் இந்த வைரஸ் நுரையீரலையோ தோலையோ விட்டுவிட்டு நேரே ஈரலுக்குப் போகிறது.

இந்த வைரஸின் அடையாளம் ரத்தத்தில் தென்பட்டது 1960களில். ஆனால் அது நுழையும் வாசல் எது என்று கண்டுபிடித்தது 2012இல்தான். பெய்ஜிங்கில் வென்ஹூய் லீ என்பவரின் குழு அதைச் செய்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுத் தேடல்!

கிழிந்த சட்டையைத் தைத்துக் கொடுப்பது யார்?

உள்ளே போன வைரஸ், செல்லின் சொந்தப் போக்குவரத்து வழியைப் பிடித்து அதன் மையமான கருவை அடைகிறது. அங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. வைரஸ் கொண்டுவரும் டி.என்.ஏ. முழுமையானது அல்ல. வட்டமான இரட்டை இழையில் ஓர் இழை பாதியில் நிற்கும். இன்னோர் இழையில் வெட்டு இருக்கும். கிழிந்த சட்டை மாதிரி. இந்த நிலையில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் நம் செல்லின் கருவில் எந்நேரமும் தையல்காரர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். நம் டி.என்.ஏ.வில் அறுந்த இடத்தைத் தைப்பதும், விட்டுப்போன இடத்தை நிரப்புவதும் அவர்கள் வேலை. கிழிசலைக் கண்டால் போதும், இது யார் வீட்டுச் சட்டை என்று கேட்காமலே தைத்துவிடுவார்கள். வைரஸின் கிழிந்த டி.என்.ஏ.வையும் அப்படியே தைத்து, பிசிறில்லாத முழு வளையமாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தத் தையல் வேலைக்கு நம்முடைய ஐந்து புரதக் கருவிகள் போதும் என்று 2020இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். நம் செல் பிரியும்போது நம் சொந்த டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க உதவும் அதே கருவிகள்! அவற்றை மருந்து கொடுத்து முடக்கலாமே என்று தோன்றும். முடக்கினால் வைரஸுக்கு முன்னால் நாம் போய்விடுவோம்.

தைத்து முடிந்த அந்த வளையத்தைச் சுற்றி, நம் டி.என்.ஏ.வைச் சுருட்டி வைக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இப்போது பார்த்தால் அது அந்நியப் பொருளாகவே தெரியாது. நம் குரோமோசோமின் குட்டி மாதிரி கருவுக்குள்ளேயே கிடக்கும். ஒரு வருஷம், பத்து வருஷம், ஒருவரின் ஆயுள் முழுக்கக்கூட. ஆசிரியரின் ஈரலில் இருப்பது இதுதான். இந்த வளையத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

காவல்காரர் முதுகில் குப்பைச் சீட்டு

"நம்ம செல்லுக்குப் புத்தியே கிடையாதா டாக்டர்? எல்லாத்தையும் விட்டுக்கொடுக்குதே!" என்றார் ஆசிரியர். அப்படியில்லை. கருவுக்குள் ஒரு காவல்காரர் இருக்கிறார். எஸ்.எம்.சி. 5/6 என்ற புரதக் கூட்டம். வழக்கமாக நம் டி.என்.ஏ.வைச் சீராக வைத்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர். இந்த மாதிரி தனியாகத் திரியும் வட்ட டி.என்.ஏ.வைக் கண்டால் அதன் மேல் உட்கார்ந்து, யாரும் அதைப் படிக்க முடியாதபடி அமுக்கிவிடுவார். அவர் உட்கார்ந்திருக்கும் வரை வைரஸ் ஊமைதான்.

வைரஸ் அவரோடு சண்டை போடுவதில்லை. சண்டை போட அதற்குச் சக்தியும் கிடையாது. அது செய்யும் தந்திரத்தைப் படித்தபோது எனக்கே கோபமும் வியப்பும் சேர்ந்து வந்தன. நம் செல்லில் பழசாகிப்போன புரதங்களை அப்புறப்படுத்த ஓர் ஏற்பாடு உண்டு. வேண்டாத புரதத்தின் மேல் ஒரு சீட்டை ஒட்டிவிடுவார்கள். சீட்டு ஒட்டிய புரதத்தைக் குப்பை வண்டி வந்து எடுத்துப்போய்த் துண்டு துண்டாக்கிவிடும். வைரஸின் 'எக்ஸ்' என்ற சின்னப் புரதம், சீட்டு ஒட்டும் குழுவைச் சேர்ந்த நம் புரதம் ஒன்றின் கையைப் பிடித்து இழுத்து வந்து, அந்தக் காவல்காரர் முதுகில் சீட்டை ஒட்ட வைத்துவிடுகிறது! குப்பை வண்டி வருகிறது. நல்ல காவல்காரரை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. வண்டி நம்முடையது, சீட்டும் நம்முடையது. கை காட்டியது மட்டும்தான் வைரஸ். இது தெரியவந்தது 2016இல்.

காவல் போனபின் கேட்க ஆளில்லை. நம் ஜீன்களைப் படித்து நகலெடுக்கும் நம்முடைய நொதியே வைரஸின் வளையத்தையும் படித்து ஆர்.என்.ஏ. நகல்களை எடுத்துத் தள்ளுகிறது. அந்த நகலைப் பார்த்து நம் ரைபோசோம்கள் வைரஸ் புரதங்களைச் செய்கின்றன. வைரஸ் தன் சொந்தக் கருவி என்று வைத்திருப்பது ஒன்றே ஒன்று: ஆர்.என்.ஏ.வைத் திரும்பவும் டி.என்.ஏ.வாக எழுதும் பாலிமரேஸ் என்ற நொதி. அந்தக் கருவியும் சரியான வடிவத்துக்கு மடங்கி வேலை செய்ய நம் செல்லின் உதவிப் புரதங்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதை, வாத்துகளைத் தாக்கும் இதன் பங்காளி வைரஸில் 1996இல் பார்த்தார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு முழு வைரஸ் தயாராகும்போது ஆயிரக்கணக்கில், சில சமயம் ஒரு லட்சம் வரை, உள்ளே ஒன்றுமில்லாத வெற்று உறைகளும் தயாராகி ரத்தத்தில் கலந்துவிடும். லேபில் "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்றும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்றும் சொல்லி டெஸ்ட் செய்வது இந்த உறையைத்தான். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் அமெரிக்க டாக்டர் பாரூக் பிளம்பர்க் முதலில் இதைக் கண்டதால் அந்தப் பெயர். அதற்காக அவருக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான ஜூலை 28தான் இன்று உலக ஹெபடைட்டிஸ் தினம்.

இவ்வளவு செய்தும் வைரஸ் அந்த ஈரல் செல்லைக் கொல்வதில்லை. கொன்றால் தொழிற்சாலை போய்விடுமே! செல்லை அடிப்பது நம் எதிர்ப்புச் சக்திப் படைதான். வைரஸ் குடியிருக்கும் வீடு என்று தெரிந்து வீட்டையே இடிக்கிறது. வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் படை சுறுசுறுப்பாகப் போராடும். 100 பேரில் 95 பேர் ஜெயித்துவிடுவார்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய குழந்தையின் படைக்கோ எதிரி யாரென்றே தெரியாது. அப்படித் தொற்றியவர்களில் 100க்கு 90 பேருக்கு அது நிரந்தரமாகிவிடும். வலி இல்லை, மஞ்சள் இல்லை. உள்ளே மட்டும் பல வருஷங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இடிபட்டு, தழும்பேறி, ஈரல் சுருங்கும். சிலருக்குப் புற்றுநோயும் வரும். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உலகில் 25.4 கோடிப் பேருக்கு இருந்தது என்பது 2022ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு. அதே ஆண்டில் இதனால் இறந்தவர்கள் 11 லட்சம் பேர்.

கீழாநெல்லியின் கதை

இப்போது ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். நான் சித்த மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த 1988இல், லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு செய்தி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜனின் குழு, ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்ததில் 37 பேரில் 22 பேருக்கு அந்த ஆன்டிஜென் மறைந்துவிட்டது. வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அந்த ஆய்வில் பிளம்பர்க்கும் பங்குகொண்டிருந்தார். எங்கள் பேராசிரியர் வகுப்பில் அதைச் சொன்னபோது நாங்கள் பெஞ்சைத் தட்டி ஆர்ப்பரித்தது இன்னும் காதில் இருக்கிறது. நம் வேலியோரச் செடி உலகத்தையே ஜெயித்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

அப்புறம் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் திரும்ப வரவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஓர் அறிக்கையும், நம்பத்தக்க ஆதாரம் போதாது என்றே சொன்னது. என் வைத்தியத்தைப் பற்றி நானே இப்படி எழுதுவது எனக்குச் சுகமாக இல்லை. ஆனால் அந்த வளையத்தை நினைத்துப் பாருங்கள். கருவுக்குள், நம் புரதப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, நம்முடைய பொருள் போலவே கிடப்பதை நாலு நாள் மோர்க் கஷாயம் எப்படி அடையாளம் கண்டு எடுக்கும்?

"அப்படின்னா எங்க ஊர்ல எத்தனையோ பேருக்குக் கீழாநெல்லியில சரியாச்சே?" என்பீர்கள். ஆகியிருக்கும். அவர்களில் பெரும்பாலோர் ஏ, ஈ வகைக்காரர்கள்; தாமாகவே சரியாகக் கூடியவர்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஓய்வும் பத்தியமும் மது தொடாமையும் அவர்களுக்கு நல்லதே செய்தன, அதை நான் மறுக்கவில்லை. கையில் சூடு போடுவதும், மூக்கில் சாறு விடுவதும்தான் மகா தப்பு. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத கஷாயமும் வேண்டாம். ஏற்கெனவே அடிபட்ட ஈரலை அதுவும் சேர்ந்து கெடுத்துவிடக்கூடும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1999இல் நகைத் தொழிலாளி ஒருவர் மஞ்சள் கண்ணோடு வந்தார். வயது 32. ரத்தத்தில் பி இருந்தது. கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் உப்பில்லாப் பத்தியமும் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் கண் தெளிந்தது. கைராசிக்காரர் என்று சொல்லி ஒரு தாம்பாளம் பழம் கொண்டுவந்து வைத்தார். எனக்கும் பெருமைதான். ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி ரத்தத்தைப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை எனக்கு. 2012இல் வயிறு முழுக்க நீர் கோத்து, அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். வைரஸ் போகவே இல்லை. மஞ்சள் மட்டும்தான் போயிருந்தது. அடுத்த ஆடிக்குள் இறந்துவிட்டார்.

இப்போது என்ன செய்யலாம்?

ஹெபடைட்டிஸ் பி-யால் காமாலை வந்தவர்கள் கண் தெளிந்தாலும் ஆறு மாதம் கழித்து ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்ட் செய்தே ஆக வேண்டும். அப்போதும் பாசிட்டிவ் என்றால் அது நாள்பட்டது. ஈரல் சிறப்பு மருத்துவரின் கண்காணிப்பு தேவை. எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. வைரஸின் அளவு, எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி, ஈரலின் தழும்பு எல்லாவற்றையும் பார்த்து அவர் முடிவு செய்வார். டெனோபோவிர், என்டகாவிர் என்ற மாத்திரைகள் வைரஸின் அந்த ஒரே சொந்தக் கருவியான பாலிமரேஸைத்தான் தாக்குகின்றன. அதனால் நமக்குத் தொந்தரவு குறைவு. புதிய வைரஸ் உற்பத்தி நின்றுபோகும். ஈரல் மூச்சு விடும். ஆனால் வளையம் அப்படியே இருக்கிறது! "ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சு" என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் தொழிற்சாலை மறுநாளே திறந்துவிடும். சில சமயம் பழையதைவிட மோசமாகத் தாக்கும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

வாசல் கதவையே அடைக்கும் ஊசி மருந்து ஒன்றும் வந்திருக்கிறது. புலேவிர்டைடு என்று பெயர். பி வைரஸின் உறையைக் கடன் வாங்கி வரும் டி வகை வைரஸுக்காக ஐரோப்பாவில் 2020இல் அனுமதித்தார்கள். கதவை அடைத்தால் பித்த உப்பும் வெளியில்தானே நிற்கும்? ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது. நல்ல வேளையாக அது பெரும்பாலோரைத் தொந்தரவு செய்வதில்லை. நம் புரதத்தில் கை வைத்தால் ஏதாவது ஒரு கணக்கு வந்தே தீரும்.

வராமல் தடுக்கும் வழிதான் சுலபமானது. தடுப்பூசி செய்த விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். வைரஸின் உறைக்கான ஜீனை மட்டும் ஈஸ்ட் செல்லில் வைத்து, அதன் சமையலறையில் வெற்று உறையைச் செய்ய வைக்கிறார்கள். வைரஸின் வித்தையை வைரஸுக்கே காட்டுவது! இந்தியாவில் இது 1997இல் ஐதராபாத்தில் தயாராகி வந்த பிறகுதான் விலை இறங்கியது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி. அதன்பின் 6, 10, 14ஆவது வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே இதுவும் அடங்கியிருக்கிறது. "வீட்டுக்குப் போயி நல்ல நாள் பார்த்துப் போட்டுக்கறோம்" என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடும் பாட்டிமார்களுக்கு என் கும்பிடு. அந்த ஒரு நாளில்தான் எல்லாமே இருக்கிறது.

கர்ப்பிணிக்கு பாசிட்டிவ் என்றால் பயந்து நடுங்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வைரஸ் அளவு அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் தாய்க்கு மாத்திரை தருவார்கள். குழந்தைக்குப் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிக்கொள்வதாலோ இது பரவாது. ஷேவிங் ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி மட்டும் அவரவருக்குத் தனியாக இருக்கட்டும். காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் வரை உயிரோடிருக்கும் வைரஸ் இது. கணவன், மனைவியில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர் ரத்தம் பார்த்துவிட்டுத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை ஆணுறை அவசியம்.

ஆசிரியரின் மனைவிக்கு நெகட்டிவ் என்று வந்தது. இரண்டு ஊசிகள் போட்டாகிவிட்டது. மகளுக்குச் சின்ன வயதிலேயே போட்டிருக்கிறார்கள், பயமில்லை. அவருக்கு அனேகமாக அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதால், கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் டெஸ்ட் செய்துகொள்ளட்டும் என்றேன். தங்கை இரண்டு பேரும் மறுவாரமே வந்தார்கள். அதில் ஒருவருக்கு பாசிட்டிவ். அவருக்கு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. திருச்சியில் இருக்கும் அண்ணன் மட்டும், "எனக்குத்தான் கண்ணு மஞ்சளா இல்லையேடா" என்று போனிலேயே சிரித்துத் தட்டிக் கழிக்கிறாராம்.